இன்னும் ஒன்பது நொடி

அம்மாவின் கைப்பையில் மூன்று பொருள்கள் எப்போதும் இருக்கும். மடக்குக் குடை, திருநீற்றுப் பொட்டலம், மூத்தோர் சலுகை அட்டை. அந்த அட்டை பேருந்துக்கும் ரயிலுக்கும் உரியதுதான். ஆனால் 76 வயதாகும் அம்மா அதை அதிகம் வெளியே எடுப்பது சாலையைக் கடக்கத்தான். போக்குவரத்து விளக்குக் கம்பத்தில் பொத்தானுக்கு மேலே ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதில் அட்டையைக் காட்டினால், நடப்பவர்களுக்குப் 'போகலாம்' என்று எரியும் பச்சை மனிதன் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பான். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 நொடியிலிருந்து 13 நொடி வரை கிடைக்கும்.

'பச்சை மனிதன் பிளஸ்' என்று இந்தத் திட்டத்துக்குப் பெயர். சிங்கப்பூரில் 2009-ல் ஐந்தே இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். இன்று தீவு முழுவதும் 1,000-க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. நீங்கள் தினமும் கடக்கும் சந்திப்பிலேயே அந்தப் பெட்டி இருக்கலாம். இளையவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை.

அந்தச் சில நொடிகளுக்கு என்ன மதிப்பு என்று ஒருநாள் அளந்து பார்த்தேன். ஈசூனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய சாலையை நான் வழக்கமான நடையில் 18 நொடியில் கடந்தேன். அம்மாவுக்கு 29 நொடி ஆனது. வலது முழங்கால் வலி இல்லாத நாள் அது. கையில் காய்கறிப் பையும் இல்லை. சோங் பாங் சந்தையிலிருந்து இரண்டு கிலோ வெங்காயத்தோடு திரும்பும் நாளில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மினுங்கத் தொடங்கிய பச்சை மனிதனைப் பார்த்தபடி பாதிச் சாலையில் வேகமெடுக்கும் ஒரு முதியவரின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கால் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

இவ்வளவு அக்கறையாக நொடிகளை எண்ண நான் தொடங்கியது 2019-ல்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் கும்பிட்டுவிட்டு நானும் அம்மாவும் நடந்து வந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் மழை விட்டிருந்தது. சந்திப்பில் நின்றோம், பொத்தானை அழுத்தினோம், பச்சை மனிதன் வந்தான், இறங்கினோம். எல்லாம் முறைப்படிதான். அம்மா எனக்கு இரண்டு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது தடத்தில் கால் வைத்தபோது வலப்பக்கம் திரும்பிய ஒரு கார் நேராக எங்களை நோக்கி வந்தது. பிரேக் சத்தம் கேட்டு அம்மா அப்படியே நின்றுவிட்டார். காரின் முன்பக்கத்துக்கும் அம்மாவின் புடவைக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்தது.

ஓட்டியவர் இளைஞர். கண்ணாடியை இறக்கினார், முகம் வெளுத்திருந்தது. "சாரி ஆன்ட்டி, சாரி, நான் பார்க்கவே இல்லை" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா "பரவால்ல தம்பி" என்று தமிழில் சொல்லிக் கையை அசைத்துவிட்டு நடந்தார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போதுதான் கை நடுங்கியது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அம்மா அந்தச் சாலையைக் கடக்கவில்லை. சந்தைக்கு நான் போனேன். வெள்ளிக்கிழமை கோயில் நின்றது. கீழ்த்தளத்தில் கூடும் தோழிகளைப் பார்ப்பதும் குறைந்தது. 2024-ல் சிங்கப்பூர்ச் சாலைகளில் 142 பேர் உயிரிழந்தார்கள் என்று போக்குவரத்துக் காவல்துறை கணக்குச் சொல்கிறது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. ஆனால் பயந்துபோய் நடப்பதையே நிறுத்திக்கொண்ட முதியவர்கள் எந்த ஆண்டுக் கணக்கிலும் வருவதில்லை. அடிபடாமலே அம்மா தன் வட்டாரத்தில் பாதியை இழந்தார்.

"நான் பார்க்கவே இல்லை" என்று அந்த இளைஞர் சொன்னது பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. ஏன் பார்க்கவில்லை என்றுதான் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வாரத்தில் மூன்று மாலை வேலை முடிந்து வந்து சந்திப்பு ஓரத்தில் நின்று கவனித்தேன்.

விஷயம் இதுதான். அப்போது அங்கே வலப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்குத் தனி அம்பு விளக்கு முழு நேரமும் இல்லை. பச்சை வட்டம் எரியும்போது, எதிரே வரும் வண்டிகளில் இடைவெளி பார்த்து ஓட்டுநர் தாமாகத் திரும்பிக்கொள்ளலாம். அதே நேரத்தில் அவர் நுழையப் போகும் சாலையில் பச்சை மனிதனும் எரிந்துகொண்டிருப்பான். அதாவது, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் 'போகலாம்'. நடப்பவருக்கு வழிவிட வேண்டிய பொறுப்பு ஓட்டுநருடையது. சட்டத்தில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கண்ணைப் பாருங்கள். எதிரே மூன்று தடங்களில் வண்டிகள் வருகின்றன. பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கிறார். இடைவெளி கிடைத்ததும் சட்டென்று வேகமெடுத்தால்தான் தப்பிக்க முடியும். கண் எதிர்த் தடத்தை விட்டு விலகும்போது கார் பாதி திரும்பியிருக்கும். போதாததற்கு, நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்கிறார். முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள தூண் அவர் முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஐந்தடி உயரம்கூட இல்லாத என் அம்மா அந்தத் தூணுக்குப் பின்னால் முழுதாக மறைந்துபோக முடியும். கார் திரும்பத் திரும்ப, நடப்பவரும் நகர நகர, அந்த மறைப்பும் கூடவே நகர்கிறது.

இந்த ஏற்பாட்டை நாடு முழுவதும் மாற்றுவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் 2018-ல் அறிவித்திருந்தது. வலப்பக்கம் திரும்புவதற்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று முழு அம்பு விளக்கு வைப்பார்கள். பச்சை மனிதன் எரிந்து முடியும்வரை சிவப்பு அம்பு வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். எங்கள் சந்திப்புக்கும் பிறகு அந்த அம்பு வந்தது. வந்தபோது சிலர் முணுமுணுத்தார்கள், எதிரே சாலை காலியாக இருக்கும்போதும் நிற்க வேண்டியிருக்கிறதே என்று. இருக்கட்டும். அந்த அரை நிமிடக் காத்திருப்பு என் அம்மாவின் வெள்ளிக்கிழமையைத் திருப்பிக் கொடுத்தது. சிவப்பு அம்பைக் காட்டி "இப்ப வண்டி திரும்ப முடியாதும்மா" என்று நான் விளக்கிய பிறகுதான் அவர் மறுபடி அந்தச் சாலையில் கால் வைத்தார்.

சாலைப் பாதுகாப்பு என்றதும் நாம் உடனே புத்திமதிக்குப் போய்விடுகிறோம். வலம் பார், இடம் பார், மறுபடி வலம் பார் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்ல வேண்டியதுதான், நானும் என் மகனுக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். ஆனால் அம்மா அன்று எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். அந்த இளைஞரும் கெட்டவர் இல்லை. இரண்டு நல்ல மனிதர்களை ஒரே இடத்தில் ஒரே நொடியில் கொண்டுவந்து நிறுத்தியது அந்தச் சந்திப்பின் அமைப்பு. அதை மாற்ற ஒரு விளக்கு போதுமாக இருந்தது.

அமைப்பு என்று பேச ஆரம்பித்தால் இடப்பக்கம் திரும்பும் இணைப்புத் தடத்தைச் சொல்லாமல் விட முடியாது. பெரிய சந்திப்புகளில் இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் விளக்குக்குக் காத்திராமல் வளைந்து போக ஒரு தனித் தடம் இருக்கும், அதன் குறுக்கே வரிக்குதிரைக் கோடு. நடப்பவர் அதைக் கடந்து நடுவில் உள்ள முக்கோணத் திட்டில் ஏறி, அங்கிருந்துதான் விளக்குள்ள இடத்துக்குப் போக வேண்டும். அந்தத் தடத்தில் வரும் ஓட்டுநர் எங்கே பார்ப்பார்? தான் சேரப்போகும் சாலையை, வலப்பக்கமாக. நடப்பவர் வருவதோ பெரும்பாலும் அவருக்கு இடப்பக்கமிருந்து. தலை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். சில இடங்களில் அந்தக் கோடுகளை மேடாக உயர்த்தியிருக்கிறார்கள், வண்டி தானாகவே வேகம் குறைக்கும். சில இடங்களில் அந்தத் தடத்தையே எடுத்துவிட்டார்கள். எடுத்துவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. அதுவரை அம்மாவுக்கு நான் சொல்லியிருப்பது ஒன்றுதான்: வரிக்குதிரைக் கோட்டில் வண்டி நின்றால் மட்டும் போதாது, ஓட்டுபவர் முகம் உங்கள் பக்கம் திரும்பிய பிறகு இறங்குங்கள்.

இனி சைக்கிளுக்கு வருகிறேன். நானும் சைக்கிளோட்டி. வாரத்தில் மூன்று நாள் ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸுக்கு வேலைக்கு அப்படித்தான் போகிறேன். நடப்பவருக்காகப் பேசும் நான் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அது நடப்பதற்கு முன்பு, பச்சை மனிதன் மினுங்கும்போது நடைபாதையிலிருந்து வேகம் குறைக்காமல் அப்படியே சாலையில் இறங்கிவிடுவேன். பச்சை என்றால் எனக்கும் பச்சைதானே என்ற நினைப்பு.

அது எவ்வளவு ஆபத்து என்று எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து புளோக்கில் இருந்த தம்பி ஒருவர். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், இங்கே டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி நிறுத்தும் இடத்தில் என்னைப் பார்த்து, "அக்கா, ஒருதடவை மேல ஏறி உக்காந்து பாருங்க" என்றார். ஏறினேன். அவர் கீழே இறங்கி என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லாரியின் இடப்பக்கமாக நடந்தார். பக்கக் கண்ணாடியில் முதலில் தெரிந்தார், பிறகு தெரியவில்லை. "எங்க தம்பி இருக்கீங்க?" என்று கேட்டேன். "கதவுக்குக் கீழதாங்க்கா நிக்கிறேன்" என்று சத்தம் வந்தது. ஒரு முழு ஆளும் ஒரு முழு சைக்கிளும் எனக்கு ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருந்தும் காணவில்லை.

இறங்கிய பிறகு அவர் சொன்னது: "நடந்து வர்றவங்களை ஓரளவு பாத்துருவோம்க்கா. திரும்புறதுக்கு முன்னாடி ஒருதடவை ஓரத்தைப் பாப்போம், ஆள் இல்லன்னா இல்லதான். சைக்கிள் அப்படி இல்ல. பாக்கும்போது இருக்காது, திரும்பும்போது இருக்கும்."

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. நடப்பவர் ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் போவார். 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் அதே நொடியில் ஐந்தரை மீட்டர் போகும். ஓட்டுநர் ஓரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூன்று நொடி எடுத்துக்கொண்டால், அவர் பார்த்தபோது பதினாறு மீட்டர் தள்ளி ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்த நான் இப்போது அவர் சக்கரத்துக்கு முன்னால். அதனால்தான் 2019 பிப்ரவரியிலிருந்து ஒரு விதி இருக்கிறது. சைக்கிளோட்டிகளும் மின்ஸ்கூட்டர்க்காரர்களும் சாலையைக் கடக்குமுன் நின்று, வண்டி வருகிறதா என்று பார்த்து, பிறகு நடை வேகத்தில்தான் கடக்க வேண்டும். நடைபாதையில் சைக்கிள் வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10-ஆகக் குறைந்ததும் அப்போதுதான். அந்த விதி வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. லாரிக்குள் உட்கார்ந்து பார்த்த பிறகு எரிச்சல் போய்விட்டது.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஐந்தரை மணிக்கு நான் புறப்படும்போது சாலையில் என்னோடு வருபவர்கள் பெரும்பாலும் நம் தம்பிகள்தான். வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் டார்மிட்டரியிலிருந்து வேலையிடத்துக்குப் போகிறவர்கள், காலையில் வேறு வசதி இல்லாததால் சைக்கிளில் வருகிறவர்கள். உடற்பயிற்சிக்காகப் பளபளக்கும் உடை போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பற்றித்தான் சைக்கிள் விவாதம் எல்லாம் நடக்கிறது. இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாலை 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ கட்டாயம் என்பது பலருக்குத் தெரியாது. ஒருநாள் சிவப்பு விளக்கில் என் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் விளக்கு எங்கே என்று கேட்டேன். கைமாறிக் கைமாறி வந்த பழைய சைக்கிள்.

"பேட்டரி தீந்துபோச்சுக்கா. சம்பளம் வரட்டும்னு இருக்கேன்."

"அதுக்குள்ள எவனாவது இடிச்சுட்டான்னா?"

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு ஜோடி விளக்கு வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பையில் எப்போதும் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். பெரிய விலை இல்லை. உங்கள் பக்கத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் பார்த்தால் நீங்களும் வாங்கிக் கொடுங்கள், நம் மொழியில் இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் இடையே உள்ள மனக்கசப்பைப் பற்றி நிறையக் கேட்கிறேன். 2025 ஜூலையிலிருந்து, சைக்கிளோட்டப் பாதைக்குப் பக்கத்திலேயே பாதசாரிகளுக்கு மட்டும் என்று குறித்த பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. எனக்கு இது முழுச் சம்மதம். முதுகுக்குப் பின்னால் மணி அடித்தால் அம்மா எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் தடுமாறுவார். ஆனால் பிரித்து வைத்த பாதைகள் சந்திப்பில் வந்து மறுபடி ஒன்றாகிவிடுகின்றன, அங்கேதான் கார்களும் வருகின்றன. 2030-க்குள் 1,300 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதைகள் வரப்போகின்றன. பாதையின் நீளத்தைவிட, அது சாலையைத் தொடும் அந்த இருபது மீட்டரை எப்படி அமைக்கிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருப்பேன்.

நடப்பவர்களுக்கு மேம்பாலம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கோலியர் கீயில் 1964-ல் நாட்டின் முதல் மேம்பாலம் வந்த காலத்திலிருந்து நமக்கு அந்தப் பழக்கம். கார் சமதரையில் போகும், ஆள் படி ஏறி இறங்க வேண்டும். இப்போது பல மேம்பாலங்களுக்கு மின்தூக்கி வைத்திருக்கிறார்கள், அது பெரிய உதவிதான். இருந்தாலும் முழங்கால் வலிக்காரர் ஏறி இறங்க வேண்டும், எஞ்சின் உள்ளவர் நேரே போகலாம் என்ற அந்த வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை. கடக்குமிடத்துக்கு 50 மீட்டருக்குள் வேறெங்கும் சாலையைக் கடப்பது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. 'இங்கேதான் கடக்க வேண்டும்' என்று ஒருவரைக் கட்டாயப்படுத்தினால், அந்த இடம் அவர் காலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் அல்லவா.

தைப்பூசத்தன்று அம்மா பால்குடம் எடுப்பார். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேலே, வெறுங்காலோடு. சாலையில் தடுப்பு வைத்து நடப்பவர்களுக்கென்று தடம் ஒதுக்கியிருப்பார்கள். பக்கத்துத் தடத்தில் பேருந்துகள் மெதுவாக ஊர்ந்து போகும். பல ஆண்டுகள் அவர் பின்னாலேயே நடந்திருக்கிறேன். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை, தோள் இறுகியதில்லை. இருபது மீட்டர் சாலையைக் கடக்கப் பயந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்ததும் இதே கால்கள்தான்.

வேகம்தான் வித்தியாசம். நெருக்கமாக மக்கள் வாழும் இடத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் ஓட்டுநர், ஆளைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆனால், அதற்குள்ளேயே கார் ஏறக்குறைய 17 மீட்டர் வந்திருக்கும். பிறகுதான் பிரேக் பிடிக்கும். காய்ந்த சாலையில் முழுதாக நிற்க மொத்தம் 35 மீட்டர் போல ஆகும். 40-ல் வந்தால் 20 மீட்டர், 30-ல் வந்தால் 13. மழை பெய்தால் இன்னும் கூடும். இடிக்கும் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 60-ல் வரும் அடி 40-ல் வரும் அடியைப் போல இரண்டேகால் மடங்கு.

2014-லிருந்து முதியவர்கள் அதிகம் வாழும் குடியிருப்புகளில் 'சில்வர் ஸோன்' அமைத்து வருகிறார்கள். வேக வரம்பு 40, முடிந்த இடத்தில் 30. அதைவிட எனக்குப் பிடித்தது அங்கே செய்யும் சாலை வேலை. தடத்தைக் குறுக்கி, நேர்ச்சாலையைக் கொஞ்சம் வளைத்து, நடுத்திட்டில் இடைவெளி விட்டு நிற்க இடம் கொடுக்கிறார்கள். பாதிச் சாலையைக் கடந்து, மூச்சு வாங்கி, மறுபாதியைக் கடக்கலாம். ஒரே பக்கம் பார்த்தால் போதும். பலகையில் 40 என்று எழுதியிருப்பதை எல்லாரும் படிப்பதில்லை, வளைவு இருந்தால் எல்லாரும் மெதுவாகத்தான் போகிறார்கள். அங் மோ கியோ, தோ பாயோ, தெம்பனிஸ், புக்கிட் பாத்தோக் வெஸ்ட், வெஸ்ட் கோஸ்ட் ஆகிய ஐந்து இடங்களில் தொடங்கிய 'நேசமிக்க வீதிகள்' திட்டமும் இதே வழியில்தான் போகிறது. எல்லா நகரங்களுக்கும் 2030-க்குள் வரும் என்கிறார்கள். ஈசூனில் அது எந்த வீதியில் வர வேண்டும் என்று கேட்டால் அம்மாவிடம் பட்டியலே இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை மறுபடி அதே சந்திப்பு, அதே நேரம். அம்மா அட்டையைக் காட்டினார், பெட்டி சத்தம் கொடுத்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தம்பி சைக்கிளிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தார். வேலை முடிந்து வந்த களைப்பு, கைப்பிடியில் சோற்றுப் பாத்திரம் தொங்கியது. விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. சிவப்பு அம்பில் கார்கள் வரிசையாக நின்றன. பச்சை மனிதன் வந்தான், மூவரும் இறங்கினோம். பாதிச் சாலையில் எண்கள் குறைய ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தார்.

அம்மா அவர் கையைத் தொட்டார். "ஓடாத தம்பி. இன்னும் ஒன்பது நொடி இருக்கு, மெதுவா வா."